அரசுப் பள்ளிக் கட்டடத்தில் தனியார் பள்ளி: குத்தகை எப்படி நடக்கிறது?

பிள்ளைகள் குறைந்துபோனால் பள்ளியை மூடிவிடலாம். கட்டடம் மட்டும் அங்கேயேதான் நிற்கும். கூரை ஒழுகும், குழாய் துருப்பிடிக்கும், ஜன்னல் உடையும், காவலுக்கு ஆள் வேண்டும். ஒரு பிள்ளைகூடப் படிக்காத கட்டடத்துக்கும் வருஷா வருஷம் பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு தனியார் பள்ளி நிர்வாகம் வந்து, "எங்களுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன செய்வது? கொடுப்பதானால் என்ன வாடகைக்கு, எத்தனை ஆண்டுக்கு, என்ன நிபந்தனையோடு?

வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் சொத்து விவகாரம் மாதிரித் தெரியும். உண்மையில் இது கல்வி விவகாரம். குத்தகைக்கு வருபவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரரின் தொழிலையே செய்பவர் என்பதுதான் இங்கே எல்லாச் சிக்கலுக்கும் வேர். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் எளிதாகப் புரியும். அங்கே போவதற்கு முன் சில அடிப்படைகள்.

கட்டடங்கள் ஏன் காலியாகின்றன?

முதல் காரணம் மக்கள்தொகை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பெரிய தலைமுறைக்காக ஏராளமான பள்ளிகள் கட்டப்பட்டன. அந்தத் தலைமுறை படித்து முடித்ததும் வகுப்பறைகள் வெறிச்சோடின. 1971-ல் அங்கே அரசுப் பள்ளிகளில் சுமார் 4 கோடியே 60 லட்சம் பேர் படித்தார்கள். 1984-ல் அது சுமார் 3 கோடியே 90 லட்சம். ஜப்பானில் இன்னும் கடுமை. 2002 முதல் 2020 வரை அங்கே மூடப்பட்ட அரசுப் பள்ளிகள் எட்டாயிரத்துக்கும் மேல். எந்தக் கட்டடம் காலியாக இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று இரு தரப்பையும் இணைத்துவைக்க அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2010-ல் ஒரு திட்டமே தொடங்கியது.

பிறப்பு விகிதம் மட்டும் காரணமில்லை. குடும்பங்கள் நகரத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இடம் மாறுகின்றன. பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். நிதி நெருக்கடியில் நிர்வாகம் சிறிய பள்ளிகளை இணைத்துவிடுகிறது. 2013-ல் சிகாகோ நகரம் ஒரே முடிவில் சுமார் 50 பள்ளிகளை மூடியது. ஒரே நாளில் அத்தனை கட்டடங்கள் கைக்கு வந்தால் எந்த நிர்வாகமும் திணறத்தான் செய்யும்.

விற்காமல் ஏன் குத்தகை?

விற்றால் பணம் ஒரே தடவையில் வரும், பராமரிப்புத் தொல்லையும் தீரும். ஆனால் நிலம் போனால் போனதுதான். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கின் மீதியைப் பாருங்கள்: 1984-க்குப் பிறகு பிள்ளைகள் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது, 1990-களின் பிற்பகுதியில் பழைய உச்சத்தையே தாண்டிவிட்டது. பள்ளிகளை விற்றுத் தீர்த்த ஊர்கள் மறுபடி நிலம் தேட வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் இதே கதைதான். 1990-களில் முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன, பல இடங்கள் விற்கப்பட்டன. பிறகு மெல்பர்ன் நகரின் உட்பகுதிகளில் குடும்பங்கள் பெருகியபோது பள்ளிக்கு இடமில்லை. அங்கே ரிச்மண்ட் பகுதியில் 1992-ல் மேல்நிலைப் பள்ளியை மூடினார்கள். புதிய உயர்நிலைப் பள்ளி திறக்க 2018 ஆகிவிட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் வேறு பகுதிப் பள்ளிகளைத் தேடிப் போனார்கள்.

குத்தகை இதற்கு நடுவழி. நிலமும் கட்டடமும் பொதுச் சொத்தாகவே இருக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொருவரிடம் போகும். காலம் முடிந்ததும் திரும்ப வரும். குறைந்தபட்சம் காகிதத்தில் அப்படித்தான். நடைமுறையில் அது எப்படித் தவறிப்போகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

குத்தகை என்ற பெயரில் வரும் வெவ்வேறு ஏற்பாடுகள்

செய்தியில் "பள்ளிக் கட்டடம் தனியாருக்குக் குத்தகை" என்று வந்தால், அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு விஷயங்கள் இருக்கலாம். முதலில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நேரடியான வகை இது: அரசுப் பள்ளி மூடியாகிவிட்டது, காலிக் கட்டடத்தில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி வந்து உட்காருகிறது, வாடகை தருகிறது. ஜப்பானில் ஒகினாவாவைச் சேர்ந்த இகேய் என்ற சிறு தீவில் பிள்ளைகள் குறைந்து 2012-ல் மூடிய அரசுப் பள்ளிக் கட்டடத்தில், 2016-ல் ஒரு தனியார் தொலைக்கல்வி உயர்நிலைப் பள்ளி தன் தலைமையகத்தைத் திறந்தது. மாணவர்கள் நாடு முழுக்கச் சிதறியிருக்கிறார்கள், பாடம் இணையத்தில் நடக்கிறது. அதனால் தீவில் பிள்ளைகள் குறைவாக இருப்பது அவர்களுக்கு ஒரு குறையே இல்லை. யாருக்கும் நஷ்டமில்லாத குத்தகைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

இரண்டாவது வகையில், வருபவர் முழுத் தனியாரும் அல்ல, முழு அரசும் அல்ல. அமெரிக்காவின் 'சார்ட்டர்' பள்ளிகள் பொதுப் பணத்தில் நடப்பவை, பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதவை, ஆனால் நிர்வாகம் தனி அமைப்பிடம் இருக்கும். இங்கிலாந்தின் 'அகாடமி' பள்ளிகளும் ஏறக்குறைய அப்படித்தான். 2010-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான உள்ளாட்சிப் பள்ளிகள் அங்கே அகாடமிகளாக மாறின. நிலம் உள்ளாட்சியுடையதாக இருந்தால் வழக்கமாக 125 ஆண்டுக் குத்தகை, பெயரளவு வாடகை. 125 ஆண்டு என்பது நான்கைந்து தலைமுறை. இதைக் குத்தகை என்று அழைத்தாலும் கைமாற்றம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது, கட்டடத்தோடு பள்ளி நடத்தும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பது. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1999 வாக்கில் தொடங்கிய திட்டம் இதற்குப் பிரபலமான உதாரணம். ஏழைகள் வாழும் பகுதிகளில் நகரமே 25 பள்ளிகளைக் கட்டி, நல்ல பெயர் வாங்கிய தனியார் கல்வி நிறுவனங்களிடம் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது. பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று நகரம் நிறுவனத்துக்குப் பணம் தந்தது. இங்கே பணம் ஓடும் திசையே தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். இதைக் குத்தகை என்பதைவிட நிர்வாக ஒப்பந்தம் என்பதே சரி.

மாலை நேரத்திலோ வார இறுதியிலோ சில அறைகளை மட்டும் வாடகைக்கு விடுவதும் உண்டு. அதில் பெரிய வம்பு வருவதில்லை.

தனியார் பள்ளி ஏன் இந்தக் கட்டடத்தைத் தேடி வருகிறது?

பள்ளிக் கட்டடம் என்பது மிகவும் குறிப்பான பொருள். அகலமான நடைபாதை, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறங்கக்கூடிய படிக்கட்டு, சின்னப் பிள்ளைகள் உயரத்துக்குக் கழிப்பறை, வெளிச்சம் வரும் பெரிய ஜன்னல், மைதானம், வண்டிகள் வந்து நின்று போக இடம். தீயணைப்புத் துறை அனுமதி, நகரமைப்பு விதிப்படி அந்த இடத்தில் பள்ளி நடத்தலாம் என்ற ஒப்புதல் எல்லாம் ஏற்கெனவே இருக்கும், அல்லது சுலபமாகக் கிடைக்கும். புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு இவற்றை அடியிலிருந்து உருவாக்கப் பல வருஷமும் பெரும் கடனும் வேண்டும்.

அதே குறிப்பான தன்மையால் மற்றவர்களுக்கு இது ஒத்துவராது. அலுவலகமாக்க வேண்டுமென்றால் பாதியை இடிக்க வேண்டும். வீடுகளாக்கலாம், செலவு அதிகம். ஆக, காலிப் பள்ளிக்கூடத்துக்கு நல்ல விலை தரக்கூடிய ஆள் பெரும்பாலும் இன்னொரு பள்ளிக்கூடம்தான்.

வாடகைக்காரரே போட்டியாளர்

இப்போது மையமான சிக்கல். பல நாடுகளில் அரசுப் பள்ளிக்கு வரும் மானியம் தலைக்கணக்கில் வருகிறது. எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்கு. அப்படியிருக்க, மூடிய பள்ளியில் வந்து அமரும் தனியார் பள்ளி, பக்கத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இழுத்தால் என்ன ஆகும்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பக்கத்து அரசுப் பள்ளியில் 600 பிள்ளைகள். தலைக்கு 10 பங்கு மானியம். காலிக் கட்டடத்தைக் குத்தகைக்கு விட்டால் ஆண்டு வாடகை 300 பங்கு, மிச்சமாகும் பராமரிப்புச் செலவு 100 பங்கு. மொத்த ஆதாயம் 400. நல்ல வியாபாரம். இனி, அந்த அரசுப் பள்ளியிலிருந்து 60 பிள்ளைகள் புதிய தனியார் பள்ளிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மானியம் 600 பங்கு குறையும். 400 வந்து 600 போனது.

பிள்ளைகள் குறைந்ததால் செலவும் குறையுமே என்று கேட்கலாம். அந்த 60 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போயிருந்தால் குறையும். 12 வகுப்பிலிருந்து ஐந்தைந்து பேராகப் போனால் ஒரு ஆசிரியரைக்கூடக் குறைக்க முடியாது. மின்சாரம், பேருந்து, காவலர், தலைமையாசிரியர் சம்பளம் எல்லாம் அப்படியே நிற்கும். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிள்ளைகள் குறைந்த அந்த இரண்டாவது பள்ளியும் சில ஆண்டில் மூடும் நிலைக்கு வரலாம்; அப்போது இன்னொரு காலிக் கட்டடம் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் நியாயமானதுதான். வரும் தனியார் பள்ளி வேறு ஊர்ப் பிள்ளைகளையோ, ஏற்கெனவே தனியாரில் படிக்கும் பிள்ளைகளையோ கொண்டு நடந்தால் 400 பங்கும் சுத்த ஆதாயம். இகேய் தீவுப் பள்ளி அந்த ரகம். ஆகவே குத்தகை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது; பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள் என்பதைக் கேட்காமல் வாடகைத் தொகையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

இந்தப் பயத்தில் சில நிர்வாகங்கள் இன்னொரு கோடிக்குப் போனதும் நடந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் போன்ற நகரங்களில், கட்டடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் அதில் பள்ளி நடத்தக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிவைத்தார்கள். பொதுப் பணத்தில் பள்ளிக்காகக் கட்டிய கட்டடத்தில் எதை வேண்டுமானாலும் நடத்தலாம், பள்ளியை மட்டும் நடத்தக் கூடாது! கேட்கவே விசித்திரமாக இருக்கிறது, ஆனால் மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரியும். மிச்சிகன் மாநிலம் பிற்பாடு இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குச் சட்டத்தின் மூலம் தடை போட்டது.

இந்தியானா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2011-ல் வந்த சட்டப்படி, பயன்படாமல் கிடக்கும் அரசுப் பள்ளிக் கட்டடத்தைச் சார்ட்டர் பள்ளி கேட்டால் ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்குக் கொடுத்தாக வேண்டும். சட்டத்தின் தர்க்கம் இது: கட்டடம் உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் (அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின்) சொத்து அல்ல, வரி கட்டிய மக்களின் சொத்து, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்களோ அங்கே கட்டடமும் போகட்டும். வாரியங்களின் பதிலும் உண்டு: கடன் வாங்கிக் கட்டியது எங்கள் ஊர் மக்கள், அதை ஒரு டாலருக்குக் கொடுக்கச் சொல்ல மாநிலத்துக்கு என்ன உரிமை? நியூயார்க்கில் 2014-ல் வந்த மாநிலச் சட்டம், புதிதாகத் தொடங்கும் சார்ட்டர் பள்ளிக்கு நியூயார்க் நகரம் இலவசமாக இடம் தர வேண்டும், இல்லையென்றால் வெளியே எடுக்கும் இடத்தின் வாடகைக்கு உதவ வேண்டும் என்றது. கலிஃபோர்னியாவில் 2000-ல் மக்கள் வாக்களித்து ஏற்ற 39-ஆம் முன்மொழிவும் அதே வழியில் போகிறது.

என்னைக் கேட்டால், கட்டணம் வாங்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு மலிவாகக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டணம் வாங்கி, வடிகட்டிச் சேர்க்கும் பள்ளிக்கு அதே சலுகை தருவதில் அந்த நியாயம் இல்லை. அவர்கள் சந்தை வாடகை தரட்டும்.

வாடகையை யார் நிர்ணயிப்பது?

பொதுச் சொத்தைக் குத்தகைக்கு விடும்போது பெரும்பாலான நாடுகளில் சில சடங்குகள் உண்டு. கட்டடம் இனி தேவையில்லை என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். சுயேச்சையான மதிப்பீட்டாளர் மதிப்பிட வேண்டும். விளம்பரம் செய்து, விருப்பமுள்ளவர்களிடம் விண்ணப்பம் வாங்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 1998-ல் வந்த விதி இதில் ஒரு நல்ல வரிசையை வைத்தது: உபரிக் கட்டடத்தை முதலில் மற்ற அரசுப் பள்ளி வாரியங்கள், கல்லூரிகள், உள்ளாட்சி போன்ற பொது அமைப்புகளிடம் நியாயமான சந்தை விலையில் வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரும் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியார்.

இந்தச் சடங்குகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் ராமாப்போ பள்ளி மாவட்டம் ஓர் உதாரணம். அங்கே பள்ளி வாரியத்தில் பெரும்பான்மையாக இருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளைத் தனியார் சமயப் பள்ளிகளுக்கு அனுப்பிய சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மூடப்பட்ட ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஒரு சமயப் பள்ளி அமைப்புக்கு விற்கப்பட்டது. விலை மிகக் குறைவு என்று பெற்றோர் முறையிட்டார்கள். 2011-ல் மாநிலக் கல்வி ஆணையர் அந்த விற்பனையை ரத்து செய்தார். அது விற்பனைதான், குத்தகை அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வாங்கும் பள்ளிக்கும் உறவு இருந்தால், விலை நியாயமானதாகவே இருந்தாலும் ஊர் நம்பாது.

வாங்குவது சமயப் பள்ளியாக இருந்தால், அரசையும் மதத்தையும் சட்டம் பிரித்துவைத்திருக்கும் நாடுகளில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. முழுச் சந்தை வாடகை வாங்கினால் அது சாதாரண வணிகம். குறைத்து வாங்கினால், அந்தக் குறைவு அந்த மதத்துக்கு அரசு தரும் மானியம் ஆகிவிடுமா என்ற வழக்கு வரலாம்.

குத்தகையை ஆயுதமாக்கிய ஒரு கதை

1958-ல் அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் நடந்தது இது. அதற்கு முந்தைய ஆண்டு லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடு சேர்ந்து படித்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிப்பதைத் தடுத்தே தீர வேண்டும் என்று நின்ற ஆளுநர் ஆர்வல் ஃபோபஸ், 1958 செப்டம்பரில் நகரத்தின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். திட்டம் இதோடு நிற்கவில்லை. அவசர அவசரமாக ஒரு தனியார் பள்ளிக் கழகம் உருவாக்கப்பட்டது. அரசுப் பள்ளிகள்தான் பிரித்துவைக்கக் கூடாது, தனியார் பள்ளி யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாமே என்பது அவர்கள் கணக்கு. செப்டம்பர் 29 அன்று நகரப் பள்ளி வாரியம் அந்த நான்கு கட்டடங்களையும் அந்தக் கழகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அதே கட்டடம், அதே பெஞ்சு, பலகையில் மட்டும் வேறு பெயர் என்பது திட்டம்.

அன்றே மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் குத்தகை செல்லாது என்று தீர்ப்பும் வந்தது. அதே செப்டம்பர் 29 அன்றுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் லிட்டில் ராக் வழக்கில் தன் விரிவான தீர்ப்பை வெளியிட்டது. ஏற்பாடு, நிர்வாகம், நிதி, சொத்து என்று எந்த வழியாகவும் பிரிவினைப் பள்ளிக்கு மாநிலம் துணைபோகக் கூடாது என்றது அது. 'சொத்து' என்பது அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பள்ளிகள் 1959 ஆகஸ்ட் வரை திறக்கவே இல்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஓராண்டு முழுக்க ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளியே இல்லாமல் போனது.

பின்னர் 1973-ல், இனப் பாகுபாடு காட்டும் தனியார் பள்ளிகளுக்கு மிசிசிப்பி மாநிலம் பாடப் புத்தகம்கூட இரவல் தரக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. புத்தகத்துக்கே அப்படியென்றால் கட்டடத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொதுச் சொத்து கைமாறும்போது அதோடு பொதுக் கடமையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகிறது என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது.

நிபந்தனைகளின் பலம்

அந்த ஒட்டிக்கொண்டு போகும் கடமையை நேர்வழியில் பயன்படுத்தியதற்கு டெல்லி நல்ல சான்று. அங்கே பல தனியார் பள்ளிகள் பொது நிலத்தைச் சலுகை விலையில் பெற்றுக் கட்டப்பட்டவை. நில ஒதுக்கீட்டுக் கடிதத்தில், கல்வி இயக்குநரகத்தின் முன் அனுமதி இல்லாமல் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. பல வருஷம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2004-ல் இந்திய உச்ச நீதிமன்றம், பள்ளிகள் அந்த நிபந்தனையைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டியது இயக்குநரகத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

இதில் ஒரு நுணுக்கம். தனியார் பள்ளியின் கட்டணத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தப் போனால் அரசு பெரிய சட்டப் போராட்டத்துக்குத் தயாராக வேண்டும். நிலத்தையோ கட்டடத்தையோ கொடுக்கும்போதே நிபந்தனை எழுதினால், வாங்குபவர் தானாக ஒப்புக்கொண்டு கையெழுத்து போடுகிறார். பேரம் பேசும் பலம் பொதுத் தரப்பிடம் இருப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். இத்தனை இடங்கள் இலவசம், சேர்க்கையில் பாகுபாடு கூடாது, மாலையில் மைதானம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று எதைக் கேட்பதானாலும் அப்போதே கேட்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் அது வேண்டுகோள்.

ஒப்பந்தத்தில் எந்த வரிகளைப் படிப்பது?

பழைய கட்டடம் என்றால் முதலில் பழுதுபார்க்கும் பொறுப்பு. ஓடு மாற்றுவது, வண்ணம் அடிப்பது குத்தகைதாரர் வேலை என்பதில் சண்டை வராது. கூரை, அஸ்திவாரம், மின் இணைப்பு, சுவருக்குள் மறைந்திருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இவற்றில்தான் வரும். 2023 ஆகஸ்ட் இறுதியில் இங்கிலாந்தில், ஒரு வகை இலகுரகக் கான்கிரீட் திடீரென இடியலாம் என்று கண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் கட்டடப் பகுதிகளை மூட உத்தரவானது. பல பத்தாண்டுக்கு முன் கட்டியவர் செய்த தேர்வு, இன்று பயன்படுத்துபவர் தலையில் விழுகிறது. வாடகை மலிவாக இருந்து பெரிய பழுதுகள் குத்தகைதாரர் பொறுப்பு என்று எழுதியிருந்தால், அந்த மலிவு உண்மையில் மலிவல்ல. மாறாக, வாடகையும் குறைவு, பழுதும் அரசே பார்க்கும் என்றால் அது வெளிப்படையாகத் தரும் மானியம். அப்படியே பெயர் சொல்லி நிதி அறிக்கையில் காட்டட்டும்.

அடுத்தது, குத்தகைதாரர் போடும் முதலீடு. ஆய்வுக்கூடம் கட்டுகிறார், லிஃப்ட் வைக்கிறார். காலம் முடிந்ததும் அது யாருக்கு? இலவசமாக அரசுக்கு வரும் என்று எழுதினால் கடைசி ஆண்டுகளில் அவர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். முழு மதிப்பையும் ஈடாகத் தர வேண்டும் என்று எழுதினால், அரசு கட்டடத்தைத் திரும்ப எடுக்கவே முடியாத அளவுக்குத் தொகை பெருகிவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும் ஈடு என்பது பொதுவாகப் பயன்படும் தீர்வு.

உள்குத்தகையைத் தடுக்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒரு அறக்கட்டளை மலிவாக எடுத்து, இன்னொரு நிறுவனத்துக்கு அதிக வாடகைக்கு விட்டு, வித்தியாசத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

நிலத்தின் பூர்வீகமும் முக்கியம். பள்ளிக்காக என்று யாரோ தானமாகக் கொடுத்த நிலமாக இருந்து, 'பள்ளி நடக்காவிட்டால் வாரிசுகளுக்குத் திரும்பும்' என்று பத்திரத்தில் இருந்தால், அரசுக்கே அதைக் குத்தகைக்கு விடும் உரிமை கேள்விக்குறிதான். மத்திய அரசின் மானியத்தில் கட்டிய கட்டடத்துக்கும் கட்டுப்பாடுகள் இருக்கும். ஜப்பானில், பள்ளிக்கென்று தந்த தேசிய மானியத்தில் எழுந்த கட்டடத்தை வேறு வேலைக்குத் திருப்ப அனுமதி வாங்க வேண்டியிருந்தது. காலிக் கட்டடங்கள் பெருகியதும் அந்த நடைமுறையை எளிதாக்கினார்கள்.

திரும்ப எடுப்பது

நிலத்தை இழக்காமல் இருக்கத்தான் குத்தகை என்று முதலில் சொன்னேன். ஆனால் கட்டடம் உண்மையில் திரும்ப வருமா என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும் சில வரிகளைப் பொறுத்தது. பெரும்பாலானோர் படிக்காத பக்கமும் அதுதான்.

ஒரு சிக்கல் இயல்பானது. குத்தகை முடியும்போது அந்தத் தனியார் பள்ளியில் ஐந்நூறு பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் இதே ஊர்ப் பிள்ளைகள்தான், அவர்களின் பெற்றோரும் வரி கட்டுபவர்கள், வாக்காளர்கள். "பள்ளியைக் காலி செய்யுங்கள்" என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் அரசியல்வாதிக்கும் மனம் வராது. அதனால் ஐந்தாண்டு பத்தாகும், பத்து இருபதாகும். குத்தகை சத்தமில்லாமல் நிரந்தரமாகிவிடும். கடை என்றால் காலி செய்யச் சொல்லி மூன்று மாதம் அவகாசம் கொடுத்தால் போதும். பள்ளியை அப்படிச் செய்ய முடியாது.

இதைத் தாங்கும்படி எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் சில அம்சங்கள் பொதுவாக இருக்கும். திரும்ப எடுக்கும் உரிமை அரசுத் தரப்புக்குத் தெளிவாக இருக்கும். அதற்கான காரணமும் எழுதப்பட்டிருக்கும்: வட்டாரத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை இவ்வளவைத் தாண்டினால், என்பது மாதிரி. முன்னறிவிப்புக் காலம் நீளமாக, ஒன்றரை இரண்டு ஆண்டாவது இருக்கும். கல்வியாண்டின் நடுவில் எடுக்க முடியாது. முக்கியமாக, சேர்க்கையின்போதே பெற்றோருக்கு இந்தக் கட்டடம் குத்தகைக் கட்டடம், இன்ன ஆண்டு வரைதான் என்று பள்ளி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பின்னால் வரும் கோபத்தில் பாதி, "எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே" என்பதிலிருந்துதான் வருகிறது.

கால அளவைப் பற்றி ஒன்று. மிகக் குறுகிய குத்தகையில் நல்ல பள்ளி எதுவும் வராது; மூன்று ஆண்டுக்காக யார் ஆய்வுக்கூடம் கட்டுவார்கள்? மிக நீண்டதில் பொதுச் சொத்து கைவிட்டுப் போகும். இன்று பிறக்கும் குழந்தை பள்ளியில் சேர ஐந்தாறு ஆண்டு, படித்து முடிக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டு. ஐந்தாண்டுக்கு அப்பால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று எந்த நிர்வாகத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பத்து ஆண்டுக்கு எழுதி, ஐந்தாவது ஆண்டில் பிறப்புப் பதிவு எண்ணிக்கையை வைத்து இரு தரப்பும் மறுபரிசீலனை செய்யலாம் என்ற ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு யோசனை வந்தால், பொதுக்கூட்டத்தில் வாடகை எவ்வளவு என்பதுதான் முதலில் பேசப்படும். அதற்கு அப்புறம் எழுந்து, மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: வரப்போகும் பள்ளி தன் பிள்ளைகளை எந்தெந்தப் பகுதியிலிருந்து எதிர்பார்க்கிறது என்ற அதன் சொந்தத் திட்டம், சுயேச்சை மதிப்பீட்டாளரின் அறிக்கை, குத்தகையை முடித்துக்கொள்வது பற்றிய பிரிவின் முழு வாசகம். மூன்றும் பொது ஆவணமாக வெளியிடப்பட வேண்டியவை. தர மறுத்தால், தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாம்.